ஒரே பேனா, பொதுச் சொத்து: எஸ்கியூலைட் என்னும் சிறு பதிவேட்டின் கதை



நம் வயதுக்காரர்கள் தினமும் கையில் தொட்டும் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு பொருளைப் பற்றி இந்த முறை எழுதுகிறேன்.

உங்கள் பேரனின் தொலைபேசி எண் கைப்பேசியில் எங்கே இருக்கிறது? வாட்ஸ்அப்பில் மகள் அனுப்பிய செய்தி எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது? இணையத்தில் நேற்று பார்த்த பக்கத்தைக் கணினி எப்படி நினைவில் வைத்திருக்கிறது? இவை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே விடைதான். கருவிக்குள்ளேயே ஒரு சிறு பதிவேடு இருக்கிறது. அதன் பெயர் எஸ்கியூலைட். அதை உருவாக்கியவர்களின் மதிப்பீட்டில், உலகம் முழுவதும் புழக்கத்தில் இருக்கும் இத்தகைய பதிவேடுகள் ஒரு லட்சம் கோடிக்கும் மேல். இதற்கு விலை கிடையாது. சொந்தக்காரரும் கிடையாது.

நான் கணினி படித்தவன் இல்லை. பிரெஞ்சு வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, புதுவை அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, பதிவேடுகளோடு காலம் தள்ளியவன். பதிவேட்டை யார் எழுதலாம், எப்படித் திருத்தலாம், எத்தனை படி வைக்க வேண்டும் என்பவைதான் எனக்குத் தெரிந்த வித்தை. எஸ்கியூலைட்டின் கதையைப் படித்தபோது, நம் பழைய பதிவறையின் சட்டதிட்டங்கள் வேறு உடையில் வந்து நிற்பதாகவே தோன்றியது. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

முதலில் கொஞ்சம் முன்கதை

தகவல்களை வரிசை, பத்தி என்று அட்டவணைகளாக வைத்து, அட்டவணைகளுக்கு இடையே உறவு ஏற்படுத்திக் கேள்வி கேட்கலாம் என்ற கருத்தை 1970இல் கட்டுரையாக வெளியிட்டவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்தவர், அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றியவர். அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கான மொழியை அதே நிறுவனத்தில் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இருவர் 1974இல் உருவாக்கினார்கள். முதலில் 'சீக்வெல்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்ததால் எஸ்.கியூ.எல். என்று சுருக்கிக்கொண்டார்கள்.

இதைப் பயன்படுத்தும் பெரிய தரவுத்தளங்கள் எல்லாம் ஒரு சர்வரை நம்பியிருந்தன. சர்வர் என்றால் பதிவறைப் பொறுப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் நேராகப் பதிவேட்டைத் தொட முடியாது. சன்னலில் நின்று சீட்டு நீட்ட வேண்டும். அவர் உள்ளே போய்ப் பார்த்து வந்து பதில் சொல்வார். கூட்டம் அதிகமுள்ள பெரிய அலுவலகத்துக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் பொறுப்பாளர் விடுப்பில் போய்விட்டால்? பதிவேடு உள்ளே பத்திரமாக இருக்கும். வெளியே நிற்பவருக்குப் பதில் மட்டும் கிடைக்காது.

கப்பலில் பிறந்த யோசனை

பிரெஞ்சில் பழுதாகி நிற்பதற்குப் 'பான்' என்ற சொல் உண்டு. கார் நின்றாலும் மின்சாரம் நின்றாலும் பான்தான். அதைச் சரிசெய்வது 'தெப்பனாஜ்'. இந்தச் சொல் கப்பலிலிருந்து வந்தது. பாய்களை எதிரெதிராகத் திருப்பி, காற்று அடித்தும் கப்பல் நகராமல் நிற்கச் செய்வதைத்தான் மாலுமிகள் முதலில் அப்படிச் சொன்னார்கள். எஸ்கியூலைட்டின் கதையும் ஒரு கப்பல் பழுதில்தான் தொடங்குகிறது.

2000ஆம் ஆண்டு. அமெரிக்கக் கடற்படைக்காக 'ஆஸ்கர் ஆஸ்டின்' என்ற ஏவுகணை நாசகாரிக் கப்பல் தயாராகிக்கொண்டிருந்தது. வியட்நாம் போரில் 1969இல் சக வீரரைக் காக்கத் தன் உயிரைக் கொடுத்த ஓர் இளம் படைவீரரின் பெயர் அதற்கு. சைகோனில் வேலை பார்த்த பெரியப்பா, சித்தப்பா உள்ள நம் புதுவைக் குடும்பங்களுக்கு அந்த நாடு அந்நியமில்லை என்பதால் இதைச் சொல்கிறேன்.

அந்தக் கப்பலுக்கான ஒரு மென்பொருளில் ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்தார். குண்டு விழுந்து ஒரு குழாய் உடைந்தால், எந்த வால்வை மூடி எந்த வால்வைத் திறந்தால் கப்பல் தொடர்ந்து இயங்கும் என்று மாலுமிகளுக்குக் காட்டும் மென்பொருள் அது. குழாய்கள், வால்வுகள் பற்றிய விவரம் எல்லாம் இன்ஃபார்மிக்ஸ் என்ற பெரிய தரவுத்தளத்தில் இருந்தது. அதற்கு ஒரு சர்வர். அந்த சர்வர் சில வேளைகளில் இயங்காமல் நின்றுவிடும். அப்போது ஹிப்பின் மென்பொருள் 'தரவுத்தளத்தோடு தொடர்பு கொள்ள முடியவில்லை' என்று திரையில் காட்டும். தவறு சர்வருடையது. ஆனால் செய்தியைக் காட்டியது இவருடைய மென்பொருள் என்பதால் திட்டு இவருக்குத்தான் விழும்.

சன்னலில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த வேதனை நன்றாகப் புரியும். கோப்பு வேறு எங்கோ தூங்கிக்கொண்டிருக்கும். பொதுமக்களின் கோபம் எதிரில் இருக்கும் எழுத்தர்மீது பாயும்.

ஹிப் யோசித்தார். கப்பலே அடிபட்டிருக்கும் நேரத்தில் உதவ வேண்டிய மென்பொருள் இது. இடையில் இன்னொருவர் உயிரோடு இருந்தால்தான் வேலை செய்வேன் என்று அது சொல்லலாமா? விவரங்களை ஒரு சாதாரணக் கோப்பில் வைத்து, மென்பொருளே நேராகத் திறந்து படித்தால் என்ன? கேள்வி கேட்க எஸ்.கியூ.எல். மொழி இருக்கட்டும், நடுவில் சர்வர் மட்டும் வேண்டாம் என்று முடிவு செய்தார். அப்படி ஒன்று தேடியும் கிடைக்கவில்லை. தாமே எழுதினார். 2000 ஆகஸ்டில் முதல் பதிப்பு வெளிவந்தது. அதே மாதத்தில்தான் அந்தக் கப்பலும் கடற்படையில் சேர்க்கப்பட்டது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'லைட்' என்பதால் இலேசானது என்று பலர் பொருள் கொள்கிறார்கள். ஆனால் ஹிப் அதை 'எஸ்-கியூ-எல்-ஐட்' என்று, ஒரு கனிமத்தின் பெயர்போலத்தான் உச்சரிப்பாராம். கிரானைட், நம் நெய்வேலி லிக்னைட் என்பதுபோல.

மூன்று விதிகள்

சர்வரை நீக்கியாயிற்று. பொறுப்பாளர் இல்லாத பதிவறையில் பதிவேடு எப்படிப் பத்திரமாக இருக்கும்? இதற்கு எஸ்கியூலைட் கண்ட வழியை மூன்று விதிகளாகச் சொல்லலாம்.

முதல் விதி: படிப்பவர் எத்தனை பேரும் இருக்கலாம், எழுதுபவர் ஒரு நேரத்தில் ஒருவரே. ஒருவர் எழுதும்போது கோப்புக்குப் பூட்டு விழும். இன்னொருவர் எழுத வந்தால் 'தரவுத்தளம் பூட்டப்பட்டிருக்கிறது' என்று செய்தி வரும். இதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். அது பழுது இல்லை, காத்திருக்கச் சொல்லும் செய்தி. சற்றுப் பொறுத்து மீண்டும் முயலும்படி மென்பொருளுக்கே சொல்லிவைத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரண்டாம் விதி: திருத்துவதற்கு முன் பழையதைப் படியெடுத்து வை. ஒரு பக்கத்தை மாற்றும் முன், இருந்தது இருந்தபடியே ஒரு துணைக் கோப்பில் எழுதிவைக்கப்படும். அதற்கு 'ஜர்னல்' என்று பெயர். வேலை முடிந்ததும் அது நீங்கிவிடும். எழுதும்போதே மின்சாரம் போய்விட்டால்? அடுத்து கோப்பைத் திறக்கும் மென்பொருள், ஜர்னல் கிடப்பதைப் பார்த்து, பாதியில் நின்ற திருத்தத்தை ரத்துசெய்து பழைய நிலையை மீட்டுவிடும். 2010இல் இதற்கு மாற்றாக இன்னொரு முறையும் வந்தது. அதில் புதிய மாற்றங்கள் முதலில் தனிக் கோப்பில் ஏறி, பிறகு மொத்தமாக மூலப் பதிவேட்டில் சேரும். அதனால் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் தடையில்லாமல் படிக்கலாம்.

பிரெஞ்சு 'எத்தா சிவில்' பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளை நடுவில் வெற்றிடம் விடாமல் வரிசையாக எழுத வேண்டும். அடித்தலும் சேர்த்தலும் இருந்தால் அவற்றை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும் என்பது பிரெஞ்சுக் குடிமைச் சட்டம். பழையது அழியக் கூடாது, பாதியில் நிற்கக் கூடாது. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான்.

மூன்றாம் விதி: எழுதிக்கொண்டிருக்கும் பதிவேட்டை இடம் மாற்றாதே, துணைக் கோப்பைப் பிரிக்காதே. மூலக் கோப்பை மட்டும் படியெடுத்து ஜர்னலை விட்டுவிட்டால், பாதி எழுதிய பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனதற்குச் சமம்.

இந்த மூன்றும் காகிதத்தில் படிக்க எளிது. நடைமுறையில் என்ன ஆகும் என்பதை எங்கள் ஓய்வூதியர் வட்டத்தில் பார்த்தோம். நடக்க முடியாத உறுப்பினர்களின் வீட்டுக்கே போய் வாழ்வுச் சான்றுக்கு உதவி செய்வது எங்கள் வழக்கம். யார் யாருக்கு எந்தத் தேதிக்குள் என்ற பட்டியலை ஓர் உறுப்பினரின் பேத்தி எஸ்கியூலைட்டில் செய்துகொடுத்தாள். நன்றாக ஓடியது. பிறகு, வேலை சீக்கிரம் ஆகட்டும் என்று சிலர் அந்தக் கோப்பைப் பொது ஃபோல்டரில் வைத்து, மூன்று கணினிகளிலிருந்து நெட்வொர்க் வழியாக ஒரே நேரத்தில் எழுத ஆரம்பித்தார்கள். அடிக்கடி 'பூட்டப்பட்டிருக்கிறது' என்று வந்தது. ஒரு நாள் இடையில் கணினி நின்றுபோனது. பக்கத்தில் ஏதோ ஜர்னல் என்று குப்பைபோல் கிடக்கிறதே என்று ஒருவர் அதை அழித்துவிட்டார். அடுத்து திறந்தபோது கோப்பு சிதைந்திருப்பதாகச் செய்தி வந்தது.

பட்டியல்தானே என்று நினைக்க வேண்டாம். அதில் ஒரு பெயர் விடுபட்டால், படுக்கையில் இருக்கும் ஒரு மூதாட்டியின் ஓய்வூதியம் நின்றுபோகும். மாதக் கடைசியில் மருந்துக்குப் பணம் இருக்காது. அந்தப் பெண் வந்தாள். கோப்பு முழுமையாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை எஸ்கியூலைட்டிலேயே ஓடவிட்டாள். எங்கெங்கே கோளாறு என்று வரிசையாகக் காட்டியது. சிதைந்த கோப்பிலிருந்து எடுக்க முடிந்ததை எடுத்தாள். முந்தின வாரத்துப் படியோடு ஒப்பிட்டாள். மீதியைக் காகிதச் சீட்டுகளிலிருந்து மறுபடி ஏற்றினோம். இரண்டு நாள் ஆயிற்று.

"ஏம்மா, மூணு பேரு எழுதினா என்ன தப்பு?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"தாத்தா, பேனா ஒண்ணுதான். வரிசையில நிக்கணும். நெட்வொர்க்ல தூரத்திலேருந்து எழுதும்போது பூட்டு சரியா விழுந்துச்சான்னு நம்ப முடியாது. ரெண்டு பேரும் பூட்டு தன்கிட்ட இருக்குன்னு நினைச்சு எழுதிட்டா பக்கம் கிழிஞ்சிடும்" என்றாள்.

அதன்பின் கோப்பு ஒரே கணினியில் இருக்கிறது. எழுதுவது அந்த ஒரு கணினியில் மட்டும். பல இடங்களிலிருந்து பலர் எழுத வேண்டும் என்றால் சர்வர் உள்ள பெரிய தரவுத்தளமே பொருத்தம் என்று எஸ்கியூலைட்டை உருவாக்கியவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். தன் எல்லையைத் தானே சொல்லும் பொருளை நம்பலாம் என்பது என் எண்ணம்.

சொந்தக்காரர் இல்லாத சொத்து

முதல் பதிப்பு, கோப்பைக் கையாள வேறொருவர் எழுதிய மென்பொருளைச் சார்ந்திருந்தது. அதற்கு உரிம நிபந்தனைகள் இருந்தன. 2001இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தப் பகுதியையும் ஹிப் தாமே எழுதிவிட்டார். அப்போது ஒரு காரியம் செய்தார். முழுவதையும் பொதுச் சொத்தாக அறிவித்துவிட்டார். பிரெஞ்சில் 'தொமேன் புப்ளிக்' என்போம். யாரும் எடுக்கலாம், விற்கலாம், மாற்றலாம். அனுமதி கேட்க வேண்டாம், பெயர்கூடப் போட வேண்டாம். மற்றவர்கள் காப்புரிமை வாசகம் எழுதும் இடத்தில், நல்லதைச் செய்யுங்கள், மன்னியுங்கள், கொடுப்பதைவிட அதிகமாக எடுக்காதீர்கள் என்ற கருத்தில் ஒரு சிறு வாழ்த்து வைத்தார்.

கொடுப்பது அவ்வளவு சுலபமும் இல்லை. பிரெஞ்சுச் சட்டத்தில் ஆசிரியருக்குத் தன் படைப்பின்மீதுள்ள தார்மிக உரிமை நிரந்தரமானது. அவரே நினைத்தாலும் கைமாற்ற முடியாது. இப்படிப்பட்ட சட்டமுள்ள நாடுகளில், பொதுச் சொத்து என்ற அறிவிப்பு செல்லுமா என்று நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் கேட்டார்கள். அவர்களுக்காக விலை கொடுத்து வாங்கும் உரிமச் சான்று ஒன்றையும் ஹிப்பின் நிறுவனம் வைத்திருக்கிறது. இலவசப் பொருளுக்குப் பணம் கொடுத்துச் சான்று வாங்குகிறார்கள். அலுவலகம் என்றால் எங்கும் அலுவலகம்தான்!

என் மனதுக்குப் பிடித்த செய்தி இன்னொன்று. இதில் பங்களித்தவர்கள், தாங்கள் எழுதியதைப் பொதுவுக்கே கொடுத்துவிட்டோம் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்திருக்கிறார்கள். அந்த மூலப் பத்திரங்கள் ஹிப்பின் அலுவலகத்தில் தீப்பிடிக்காத பெட்டகத்தில் இருக்கின்றன. உலகம் முழுவதும் ஓடும் மென்பொருளுக்கு ஆதாரம், கடைசியில், பெட்டகத்தில் உள்ள காகிதம்! எழுத்தராக இருந்த எவருக்கும் இதைப் படித்தால் மனம் நிறையும்.

பொறுப்பு வந்த விதம்

கைப்பேசி நிறுவனங்கள் இதை எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு வேலை பெருகியது. 2007இல், மொசில்லாவின் தலைவி மிட்செல் பேக்கரின் ஆலோசனைப்படி, பயன்படுத்தும் நிறுவனங்கள் சந்தா கொடுக்கும் ஒரு கூட்டமைப்பு உருவானது. முதல் உறுப்பினர்கள் மொசில்லாவும் சிம்பியனும். பணம் அவர்களுடையது, எதைச் சேர்ப்பது, எதை மறுப்பது என்ற முடிவு மட்டும் எழுதுபவர்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

விமானங்களில் உள்ள மென்பொருளைச் சோதிக்கும் கடுமையான முறையை ஹிப் அறிந்து, அதே அளவுகோலைத் தம் சிறு பதிவேட்டுக்கும் வைத்தார். ஒவ்வொரு நிபந்தனையும் உண்மையானால் என்ன, பொய்யானால் என்ன என்று தனித்தனியே சோதிக்க வேண்டும். இன்று சோதனைக்காக எழுதியிருப்பது, மூல நிரலைப்போல் பல நூறு மடங்கு. மின்சாரம் போவது, நினைவகம் தீர்வது, வட்டு பழுதாவது எல்லாவற்றையும் செயற்கையாக உண்டாக்கிப் பார்க்கிறார்கள். துலூஸ் நகரத்து ஏர்பஸ் நிறுவனம் ஏ350 விமானங்களில் இதைப் பயன்படுத்துவதில் வியப்பில்லை.

இலவசமாகக் கொடுத்தவருக்குத் தொல்லையும் இலவசமாகவே வந்தது. மெக்காஃபி என்ற வைரஸ் தடுப்பு மென்பொருள் எஸ்கியூலைட்டைப் பயன்படுத்தியபோது, பலருடைய கணினிகளில் அந்தப் பெயரோடு தற்காலிகக் கோப்புகள் குவிந்தன. எரிச்சலடைந்த மக்கள் பெயரை இணையத்தில் தேடி, எழுதியவர்களின் எண்ணைக் கண்டுபிடித்து, நடு இரவில் தொலைபேசியில் எழுப்பித் திட்டினார்கள். 2006இல் ஒரு வழி கண்டார்கள். தற்காலிகக் கோப்பின் பெயரில் எழுத்துகளைத் தலைகீழாக்கிவிட்டார்கள். இப்போதும் அந்தக் கோப்புகள் 'எடில்க்ஸ்' என்றுதான் தொடங்கும். கப்பல் சர்வருக்காகத் திட்டு வாங்கியவர், அடுத்தவர் குவித்த குப்பைக்காகவும் திட்டு வாங்கியிருக்கிறார்.

எத்தனை காலம்?

2004இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அமைந்த கோப்பு வடிவத்தை இன்றைய மென்பொருளும் படிக்கும். 2050 வரை பராமரிப்போம் என்று எழுதியவர்கள் தெரிவித்திருக்கிறார்கள். தரவுகளை நீண்ட காலம் பாதுகாப்பதற்குப் பரிந்துரைக்கும் வடிவங்களில் ஒன்றாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் இதைச் சேர்த்திருக்கிறது.

ஆனால் வடிவம் நிலைத்தால் போதாது, படி வேண்டும். 1667இல் பதினான்காம் லூயி மன்னர், பிறப்பு இறப்புப் பதிவேடுகளை இரண்டு படிகளாக வைக்கச் சட்டம் செய்தார். ஒன்று பங்கில், ஒன்று நீதிமன்றத்தில். 1776இல் வந்த ஆணை, குடியேற்ற நாடுகளுக்கு மூன்றாவது படியையும் கட்டாயமாக்கியது. அது கப்பலேறி வெர்சாய்க்குப் போக வேண்டும். கரையானும் ஈரமும் புயலும் உள்ள ஊர்களில் காகிதம் என்ன பாடுபடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று புதுவைக் குடும்பங்கள் தங்கள் முன்னோரின் பெயரைத் தேடி எய்ச்-ஆன்-ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தின் பக்கங்களைப் புரட்ட முடிகிறது என்றால், அந்தப் படிதான் காரணம்.

ஆகவே உங்கள் பிள்ளைகளிடம், பேரப்பிள்ளைகளிடம் சொல்லி இதைச் செய்யச் சொல்லுங்கள். சங்கக் கணக்கோ, குடும்ப வம்சாவளியோ, மருந்துப் பட்டியலோ, எதுவானாலும் மென்பொருளை முழுவதும் மூடிவிட்டுப் படியெடுங்கள். பக்கத்தில் கிடக்கும் ஜர்னல் கோப்பைக் குப்பை என்று அழிக்காதீர்கள். ஒரு படி வீட்டில், ஒரு படி வேறு வட்டில், ஒரு படி வேறு ஊரில் உள்ள பிள்ளையிடம் இருக்கட்டும். எழுதும் பேனா மட்டும் ஒருவர் கையிலேயே இருக்கட்டும்.